பெயர்க் கட்டத்தில் ஒரு புள்ளி

போன வாரம் கடைக்குள் கம்ப்யூட்டர் வந்து இறங்கியதோடு நின்றோம். அது வந்த வேகத்தில் எங்கள் குடும்பத்தில் எதுவும் வந்ததில்லை, நான் உட்பட. நான் பிறக்க எடுத்துக்கொண்ட நேரத்தைப் பற்றி அம்மா கடைசிவரை புகார் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாக: எங்களுடையது நோயாளிகளுக்கான சாமான்களை வாடகைக்கு விடும் கடை. கட்டில், சக்கர நாற்காலி, வாக்கர், ஆக்ஸிஜன் மெஷின். சந்தோஷமாக இருக்கிற யாரும் எங்கள் கடைப் படியேற மாட்டார்கள்.

இதே கம்ப்யூட்டரை ரெண்டு வருஷத்துக்கு முன்பே கொண்டுவர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவன் என் அண்ணன். "என் தலைக்குள்ள இருக்கிற கடையை டப்பாக்குள்ள போடணுமா?" என்று அப்பா கேட்டார். "அப்ப உங்க தலையையே கட்டிக்கிட்டு அழுங்க" என்று சொல்லிவிட்டு அண்ணியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு கிளம்பிப் போனவன்தான். ரெண்டு மாதம் முன்பு அம்மா போனபோது வந்தான். கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். அப்பா உள்ளே கூப்பிடுவார் என்று அவன் நின்றான். அவன் உள்ளே வருவான் என்று அப்பா உட்கார்ந்திருந்தார். இரண்டும் நடக்கவில்லை.

கடைசியில் கம்ப்யூட்டரை வாங்கி வைத்தவள் என் தங்கை, குட்டி. அப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சண்டை போடுகிற தெம்பு அம்மாவோடு போய்விட்டது.

நான் நடுப்பிள்ளை. வீட்டில் எனக்குப் பெயர் 'ஸ்டெப்னி'. எந்தச் சக்கரம் பஞ்சரானாலும் என்னைத்தான் கழற்றி மாட்டுவார்கள்.

இதுவரை கடையை ஓட்டியது பின்சுவரில் இருக்கும் ஆணிப்பலகை. ஒவ்வொரு சாமானுக்கும் எண் அடித்த ஒரு பித்தளை வில்லை. வில்லை இடப்பக்க ஆணியில் தொங்கினால் சாமான் கடையில். வலப்பக்கம் தொங்கினால் வாடிக்கையாளர் வீட்டில். கீழ் வரிசையில் தொங்கினால் ரிப்பேரில். வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தால் போதும், கடையின் ஜாதகமே தெரிந்துவிடும்.

குட்டி அதைக் குறை சொல்லவில்லை. "இதுவும் சிஸ்டம்தான்பா. தகவல் எங்க இருந்து வருது, யார் மாத்துறாங்க, யார் பார்த்து முடிவெடுக்கிறாங்க, எல்லாமே இதுல இருக்கு. ஒரே குறை, நீங்க வாசல்ல நின்னாத்தான் வேலை செய்யும்."

"நான்தான் நிக்கிறேனே."

"உங்களுக்குக் காய்ச்சல் வந்தா?"

"ஸ்டெப்னி நிப்பான்."

இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மறுநாள் கம்ப்யூட்டருக்கு ஆர்டர் போனது.

வில்லைகளைப் பார்த்துப் பார்த்துச் சிஸ்டத்தில் ஏற்றுகிற வேலை எனக்கு. எல்லா ஆணியிலும் வில்லை இருந்தது, ஒன்றைத் தவிர. மோட்டார் கட்டில், எண் ஏழு. அந்த வில்லை அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. கட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அம்மா கடைசியாகப் படுத்திருந்தது அதில்தான்.

சாமான் வெளியே இருக்கிறது என்றால், யாரிடம் என்று சொல்லாமல் சிஸ்டம் அடுத்த கட்டத்துக்கு நகராது. பெயர் கேட்டது. அம்மாவின் பெயரைப் போட்டேன். போன் நம்பர் கேட்டது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அம்மாவுடையது, அதையும் போட்டேன். என்னவோ பெரிய சாமர்த்தியம் பண்ணியவன் போல டீ குடிக்கப் போனேன்.

அந்த டீக்கு இன்றைக்குக் காலையில் பலன் கிடைத்தது.

"இனிமே யாருக்கும் போன் பண்ணி ஞாபகப்படுத்த வேண்டாம். கெடு தாண்டினவங்க எல்லாருக்கும் சிஸ்டமே மெசேஜ் அனுப்பிடும்" என்று சொல்லி, குட்டி ஒரு பொத்தானை அழுத்தினாள். முகத்தில் பரீட்சை எழுதி முடித்த களை.

அடுத்த நொடி அப்பாவின் பையில் மணி அடித்தது.

அவருடைய போன் மேஜை மேல் இருந்தது. பையில் இருந்தது அம்மாவின் போன். அதற்கு அவர் தினமும் சார்ஜ் போடுவதும், பையில் வைத்துக்கொண்டு சுற்றுவதும் எங்களுக்குத் தெரியும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைக் கை நீளத்துக்குத் தள்ளி வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"அன்பார்ந்த வாடிக்கையாளரே. தாங்கள் எடுத்த கட்டிலின் கெடு முடிந்துவிட்டது. திருப்பித் தரவும் அல்லது நீட்டித்துக்கொள்ளவும். விரைவில் நலம் பெற வாழ்த்துகள்."

படித்துவிட்டு நிமிர்ந்தார். "யாரு அனுப்பினது?"

"நாமதான்பா" என்றாள் குட்டி. குரல் கீழே போய்விட்டது.

"உங்கம்மாவுக்கு நாம ஏன்மா மெசேஜ் அனுப்புறோம்?"

குட்டி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். மின்விசிறியில் இவ்வளவு விஷயம் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். "நலம் பெற வாழ்த்தெல்லாம் போட்டிருக்கீங்க. நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார், அந்த வில்லைக்குப் பக்கத்தில்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை, வாசலில் சக்கரம் உருளும் சத்தம்.

ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர். முன்பெல்லாம் சாயங்காலத்தில் மனைவியை எங்கள் தெரு வழியாகத் தள்ளிக்கொண்டு போவார். அவர் ஹாரன் மாதிரி வாயால் சத்தம் கொடுக்க, அந்தம்மா வெட்கப்பட்டுக்கொண்டு அவர் கையில் அடிப்பார். இன்றைக்கு வெறும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பழக்கத்தில் மேடு பள்ளம் பார்த்து மெதுவாகத்தான் தள்ளினார்.

"மெசேஜ் வந்துச்சு. நான்தான் லேட் பண்ணிட்டேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

குட்டி விரலைத் தட்டச்சுப் பலகையில் வைத்துவிட்டாள். சாமானைத் திருப்பி எடுத்தால் சிஸ்டம் காரணம் கேட்கும். குணமாகிவிட்டார், பொருள் சரியில்லை, இடம் மாறுகிறார், காலமானார். நாலில் ஒன்றைத் தொட்டால்தான் பக்கம் மூடும்.

"ஏன் திருப்பித் தர்றீங்கன்னு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். ஆனால் வார்த்தை போய்ச் சேர்ந்துவிட்டது.

டிரைவர் நாற்காலியைப் பார்த்தார். "அவளுக்கு இனி வேணாம்மா."

அப்பா எழுந்து வந்தார். நாற்காலியில் பூப்போட்ட ஒரு குஷன் இருந்தது, வீட்டில் தைத்தது. அதை எடுத்துத் தூசி தட்டி டிரைவரின் கையில் கொடுத்தார். "இது உங்களுது. உட்காருங்க. டீ வரச் சொல்றேன்."

அந்த மனிதர் குஷனை மடியில் வைத்துக்கொண்டு டீயைக் குடித்தார். கிளம்பும்போது வாசல்படி வரை போய், கைப்பிடியைத் தேடுவது போலக் கையை நீட்டி, ஒன்றும் இல்லாமல் மடக்கிக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததும் குட்டி வெடித்தாள். "நான் என்னப்பா கொலையா பண்ணிட்டேன்? போன வருஷம் வாக்கரா வாங்கி மூலையில அடுக்கினோமே, ஏன்? உயரம் சரியில்லைன்னு எல்லாரும் திருப்பித் தந்தாங்க. யாரும் ஏன்னு கேட்கலை. அதனால மறுபடி அதையே வாங்கினோம். காரணம் தெரிஞ்சாத்தானே அடுத்து எதை வாங்கலாம்னு தெரியும்? அதுக்குத்தானே இத்தனையும்!"

"வாக்கரைத் திருப்புறவன்கிட்ட கேளும்மா. வேணாங்கலை. சக்கர நாற்காலியைக் காலியா தள்ளிட்டு வர்றவன்கிட்ட எதைக் கேட்ப?"

"சிஸ்டத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்பா."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

குட்டி திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகு குலுங்கியது. அம்மா அவளுக்கும் அம்மாதான். இந்த ரெண்டு மாதத்தில் நாங்கள் அதை அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு கொஞ்ச நேரம் எதையோ தட்டினாள். பிறகு, "மோட்டார் கட்டில் கேட்டு ஒரு புக்கிங் இருக்கு. வெப்சைட் வழியா முந்தாநாள் வந்திருக்கு" என்றாள்.

"யாரு?"

"புள்ளி."

அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெப்சைட்டில் பெயரைப் போடாமல் தாண்ட முடியாது. ஆனால் சொல்ல விருப்பமில்லாதவர்கள் பெயர்க் கட்டத்தில் ஒரு புள்ளியை வைத்துவிட்டுத் தாண்டிவிடுகிறார்கள். சிஸ்டமும், சரி, இவர் பெயர் புள்ளி என்று ஒத்துக்கொள்கிறது. திறந்த நாளிலிருந்து புள்ளி ஐயாக்களும் புள்ளி அம்மாக்களும் வந்தபடி இருக்கிறார்கள். எனக்கு அவர்களைப் பிடிக்கும். குட்டிக்குப் பிடிக்காது.

"நோயாளி ஆண். வயசு நாற்பத்திரண்டு. இன்னும் யாரும் பதில் சொல்லலை. எல்லா மோட்டார் கட்டிலும் வெளியே இருக்குப்பா. திரும்பி வர வேண்டியது ஒண்ணுதான் இருக்குன்னு காட்டுது." அவள் எண்ணைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

"அது வராது" என்றார் அப்பா.

"நாற்பத்திரண்டு வயசுப்பா. மோட்டார் கட்டில் கேட்கிறாங்கன்னா என்ன நிலைமைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"வேற கடை பார்க்கச் சொல்லு."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. சொந்த வீட்டு நாற்காலியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட நாள்கூட உண்டு. இல்லை என்று மட்டும் சொல்ல மாட்டார்.

செருப்பை மாட்டிக்கொண்டு சாப்பிடக் கிளம்பிவிட்டார். குட்டி என் உள்ளங்கையை இழுத்து, புள்ளியின் போன் நம்பரைப் பேனாவால் எழுதினாள். "நீயே கூப்பிட்டு இல்லைன்னு சொல்லிடு. என்னால முடியாது."

"இதுக்கும் ஸ்டெப்னியா?"

"ஆமாண்ணா."

அவள் அண்ணா என்று கூப்பிட்டால் விஷயம் தீவிரம் என்று அர்த்தம். அப்பாவின் பின்னால் போனேன்.

வீட்டுக் கூடத்தில் கட்டில் அப்படியே இருக்கிறது. தலைப்பக்கம் பாதி உயர்ந்த நிலை. கடைசி நாட்களில் அம்மாவால் மல்லாந்து படுக்க முடியாது. அந்த உயரம்தான் அவளுக்கு மூச்சுக்குத் தோது. கட்டிலின் குறுக்குப் பலகையில் அவள் மூக்குக் கண்ணாடி. அப்பா பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, தட்டைக் கட்டில் ஓரத்தில் வைத்துச் சாப்பிடுகிறார். அவருக்குச் சாப்பாட்டு மேஜை அதுதான் இப்போது.

"தலைப்பக்கத்தையாவது இறக்கி வைக்கலாமேப்பா" என்றேன். எதையாவது பேசவேண்டுமே என்று பேசுவதில் எனக்குக் கைதேர்ச்சி உண்டு.

"இறக்கினா அவளுக்கு மூச்சு வாங்கும்" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு விளங்கியது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குக் கொண்டு போகவில்லை.

"கட்டில் திரும்பிடுச்சுன்னா வில்லையை இடப்பக்கம் மாட்டணும்டா. ஏழு வந்தாச்சுன்னு பலகை சொல்லும். அந்தப் பலகை என்னிக்கும் பொய் சொன்னது கிடையாது."

எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் நான் உடனே ஏதாவது வேலையில் இறங்கிவிடுவேன். மற்ற நேரங்களில் என்னை வேலை செய்ய வைப்பது கஷ்டம். உள்ளங்கையைப் பார்த்து என் போனில் நம்பரை ஒவ்வொன்றாகத் தட்டினேன். வேர்வையில் கடைசி இலக்கம் அழியப் பார்த்தது.

கடைசி இலக்கத்தைத் தட்டியதும், என்னைக் கேட்காமலேயே போன் ஒரு பெயரைக் காட்டியது.

'பெரியவன்.'

எனக்கு எந்த நம்பரும் ஞாபகம் இருக்காது. போனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். மணி அடிப்பதற்குள் துண்டித்துவிட்டேன். ஆனால் அப்பா பார்த்துவிட்டார்.

"நீ எதுக்கு இப்ப அவனைக் கூப்பிடற?"

"அவனைக் கூப்பிடலைப்பா." "புள்ளியைத்தான் கூப்பிட்டேன்."

அப்பாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரியாமலே இருந்திருக்கலாம்.

கையைக்கூடக் கழுவாமல் எழுந்து நின்றார். "வயசு என்னன்னு குட்டி சொன்னா?"

அவர் என் பதிலுக்காகக் கேட்கவில்லை. மூத்த பிள்ளையின் வயசு எந்தத் தகப்பனுக்கும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய விஷயம் இல்லை.

"வாய் திறந்து நம்மகிட்ட கேட்க முடியலை அவனால. கட்டத்துல கேட்டிருக்கான்" என்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, "கடை போனைக் குடு" என்றார்.

கம்ப்யூட்டரோடு வாங்கிய புது போன் அது, என் பையில்தான் இருந்தது. அந்த நம்பர் அண்ணன் வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் உள்ளங்கையை அவர் முன்னால் நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. ஒற்றை விரலால், ஒரு இடத்திலும் தயங்காமல், நம்பரை முழுக்க அழுத்தினார். ரெண்டு வருஷமாக ஒரு தடவைகூடக் கூப்பிடாத நம்பர்.

"ஹலோ" என்றது அண்ணியின் குரல்.

அப்பா வாயைத் திறந்தார். மூடினார். பிறகு, கடையில் முன்பின் தெரியாதவர்களிடம் பேசுவாரே, அந்தக் குரலை வரவழைத்துக்கொண்டார்.

"மோட்டார் கட்டில் கேட்டிருந்தீங்க. கடையில இருந்து பேசறோம்."

"ஆமாங்க. இருக்குங்களா?"

"இருக்கும்மா. எத்தனாவது மாடி?"

"மூணாவது. லிஃப்ட் இல்லைங்க."

"பரவாயில்லை. பிரிச்சு எடுத்துட்டு வந்து மாட்டிக்கலாம். அவரால தானா எழுந்து உட்கார முடியுதா?"

இதை எல்லோரிடமும் கேட்பார். பதிலை வைத்துத்தான் பக்கக் கம்பி வேண்டுமா என்று முடிவு செய்வார். கூடம் அமைதியாக இருந்ததால் எனக்கும் கேட்டது: அண்ணிக்குப் பின்னால் எங்கேயோ படுக்கையிலிருந்து ஓர் ஆண் குரல் "யாரு?" என்று கேட்பது.

குரல் ரொம்ப மெலிந்திருந்தது. அப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"முடியலைங்க" என்றாள் அண்ணி.

"சரிம்மா. படுத்தா ஜன்னல் தெரியற மாதிரி போட்டுத் தர்றேன். வெளிச்சம் இருந்தா அவருக்குப் பிடிக்கும்."

முன்பின் தெரியாத கடைக்காரருக்கு, நோயாளிக்கு எது பிடிக்கும் என்று எப்படித் தெரியும்? அண்ணி அதைக் கவனித்தாளா, கவனித்தும் விட்டுவிட்டாளா, எனக்குத் தெரியவில்லை.

"சாயங்காலத்துக்குள்ள வந்துடும்" என்றார் அப்பா. ரெண்டு பேரும் போனை வைக்கவில்லை. கடைசியில் அவள்தான் வைத்தாள்.

அப்பா அம்மாவின் கண்ணாடியைக் குறுக்குப் பலகையிலிருந்து எடுத்து, மடித்து, ஜன்னல் திட்டில் வைத்தார். கட்டிலின் ரிமோட்டைக் கையில் எடுத்தார். கீழே பார்த்த அம்புக்குறியை அழுத்தினார்.

மோட்டார் உறுமியது. தலைப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பாதியில் அவர் விரல் நின்றது. நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். மறுபடி மோட்டார் சத்தம் வந்தது. கட்டில் முழுக்கப் படுத்த பிறகும் அவர் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. நான்தான் போய் மெல்ல வாங்கிக்கொண்டேன்.

குட்டியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் திட்டில் வைத்தேன்.

"ஏழு வந்தாச்சுன்னு போடும்மா" என்றார் அப்பா. சட்டைப் பையிலிருந்து வில்லையை எடுத்திருந்தார்.

"போட்டுட்டேன்பா."

"காரணம் கேட்குமே?"

"கேட்காது. காலையில அந்த டிரைவர் போனதுமே அந்தக் கேள்வியை எடுத்துட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "வாக்கருக்கு மட்டும் கேட்கும்."

அப்பா தலையை ஆட்டினார். அவள் பார்க்க முடியாது என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"விலாசம் படிக்கிறேன்பா, எழுதிக்கங்க" என்றாள். எங்களுக்குத் தெரியாத ஏதோ தெரு. அண்ணன் வீடு மாறியிருக்கிறான் என்பதையே சிஸ்டம் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

"யார் கொண்டு போறாங்கன்னு கேட்குது. அந்தப் பேரு அவங்களுக்கு மெசேஜாப் போகும். சின்னண்ணன் பேரைப் போட்டுடவா?"

"அவனா? கட்டிலைப் பிரிச்சா பாதி ஸ்குரூவை வழியிலேயே தொலைச்சிடுவான். நான் போறேன்."

எனக்கு இதில் வருத்தம் இல்லை. உண்மையில் பாதிக்கும் மேலே தொலைப்பேன்.

"அப்ப உங்க பேரைப் போடறேன்பா." தயங்கினாள். "மெசேஜ் பெரியண்ணன் போனுக்குத்தான் போகும். பார்த்துட்டு வேணாம்னு சொல்லிட்டா?"

அப்பா வில்லையை உள்ளங்கையில் புரட்டிக்கொண்டிருந்தார். ஏழு மேலே வந்தது, புரண்டது, மறுபடி மேலே வந்தது.

"பேரு வேணாம்மா" என்றார். "ஒரு புள்ளி வை."